பிமியெண்டா கோர்தா என்பது எந்த மிளகு? மெக்சிகோ மசாலாவுக்கு உதவி வேண்டும்

தண்டையார்பேட்டை சமையல்:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டிலிருந்தே ஆர்டருக்குச் சமைச்சுக் கொடுக்கிறேன். என் தம்பி கப்பல்ல குக். கூட வேலை பாக்கிற மெக்சிகோக்காரர் ஆட்டுக்கறிக்கு ஒரு மசாலா ஸ்பானிஷ்ல எழுதிக் கொடுத்திருக்கார்: கொமினோ, சிலாந்த்ரோ, பிமியெண்டா கோர்தா, ஒரேகானோ, லவுரெல். போன்ல மாத்திப் பார்த்தா "குண்டு மிளகு"ன்னு வருது. மண்ணடியோ கோவிந்தப்ப நாயக்கன் தெருவோ, எங்க வேணா போறேன். கடையில என்ன பேர் சொல்லிக் கேக்கணும்?

ராயபுரம் அடுப்படி:
அக்கா, கொமினோ நம்ம சீரகம்தான். சிலாந்த்ரோ கொத்தமல்லித் தழை. ஆனா அவர் கையெழுத்தை ஒருமுறை நல்லா பாருங்க. குலாந்த்ரோன்னு இருந்தா அது வேற செடி. இலை நீளமா, ஓரமெல்லாம் முள்ளு மாதிரி இருக்கும். வாசனை மல்லிதான், ஆனா ரொம்பத் தூக்கலா இருக்கும்.

காசிமேடு பழைய குக்:
தங்கச்சி, பிமியெண்டா கோர்தா மிளகே இல்ல. இங்கிலீஷ்ல ஆல்ஸ்பைஸ். ஸ்பெயின்ல இதையே பிமியெண்டா டி ஹமைக்கான்னு சொல்வாங்க, ஜமைக்காவுல பிமெண்டோ. அமெரிக்காவுல பிமெண்டோன்னு கேட்டா ஆலிவ் காய்க்குள்ள வைக்கிற சிவப்புக் குடைமிளகாய் வரும்! கொலம்பஸ் 1492ல மிளகு தேடிக் கிளம்பின ஆளு. அங்க கிடைச்ச மிளகாய்க்கும் மிளகு பேரையே ஒட்டினாங்க. அந்தக் குழப்பம் இன்னும் தீரல.

தண்டையார்பேட்டை சமையல்:
அண்ணா, கடையில கபாப் சீனின்னு ஒண்ணு காட்டினாங்க, அதுதான் ஆல்ஸ்பைஸாம். ஒவ்வொண்ணுக்கும் சின்னக் காம்பு இருக்கு.

காசிமேடு பழைய குக்:
வாங்காதீங்க. அது வால்மிளகு. கபாப் சீனிங்கிற பேர் ரெண்டுக்கும் ஓடுது. ஆல்ஸ்பைஸுக்கு வால் கிடையாது, மிளகை விடப் பெரிசு, பழுப்பு நிறம். ஒண்ணை நசுக்கி மோந்து பாருங்க, கிராம்பு வாசனை தூக்கணும். ஆல்ஸ்பைஸும் கிராம்பும் ஒரே குடும்பத்து மரம், வாசனை தர்ற யூஜினால்ங்கிற எண்ணெயும் ஒண்ணுதான். கிடைக்கலேன்னா கிராம்பு, பட்டை, துளி ஜாதிக்காய் சேர்த்துப் பொடிங்க. கிட்ட வரும்.

பெரம்பூர் மாடித்தோட்டம்:
ஒரேகானோ பத்தி நான் சொல்றேன். பீட்சாவுக்குப் போடுறது புதினா குடும்பம். மெக்சிகோக்காரங்க ஒரேகானோன்னு சொல்றது பெரும்பாலும் லிப்பியா, வேற குடும்பத்துப் புதர். நம்ம வீட்டுத் தொட்டியில இருக்கிற கற்பூரவள்ளிக்கு இங்கிலீஷ்ல கியூபன் ஒரேகானோன்னே பேரு! மூணு செடிக்கும் உறவு கொஞ்சம்தான், ஆனா கார்வக்ரால்ங்கிற எண்ணெய் மூணுலயும் உண்டு. அதனால மெக்சிகோ ஒரேகானோ கிடைக்கலேன்னா கற்பூரவள்ளியை தைரியமா போடலாம். பொடியா நறுக்கி, கம்மியா போடுங்க. கூடினா கறி கஷாய வாசனை அடிக்கும்.

தண்டையார்பேட்டை சமையல்:
தொட்டி நிறைய இருக்கு. ரொம்ப சந்தோஷம். லவுரெல் பிரிஞ்சி இலைதானே?

காசிமேடு பழைய குக்:
இங்கிலீஷ்ல ரெண்டுக்கும் பே லீஃப்தான், ஆனா மரம் வேற. பிரிஞ்சி இலையில நீளவாக்குல மூணு நரம்பு ஓடும், பட்டை வாசனை வரும். லவுரெல்லுக்கு நடுவுல ஒரே நரம்பு, இலையும் சின்னது. கறிவேப்பிலையை அதுக்குப் பதிலா போட்டுடாதீங்க, மசாலாவே மாறிடும். பிரிஞ்சி இலை போடுறதா இருந்தா பட்டையைக் குறைச்சுக்கோங்க. முக்கியமா, அவர் மிளகாய் எதுவும் எழுதலையே? தம்பிகிட்ட சொல்லிக் கேக்கச் சொல்லுங்க. அங்க ஒரே மிளகாய்க்கே ரெண்டு பேரு இருக்கும்: பச்சையா இருந்தா பொப்லானோ, அதையே பழுக்க விட்டுக் காய வெச்சா ஆஞ்சோ.

தண்டையார்பேட்டை சமையல்:
இப்பவே மெசேஜ் போட்டுட்டேன் அண்ணா. பதில் வந்ததும் இங்கயே போடுறேன்.