ரேடியாலஜிக்குத் தமிழ்ச் சொல்: ‘உடற்படவியல்’ என்னும் முன்மொழிவு

குழுவின் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

இயற்பியலாளர் ராண்ட்கன் 1895-இல் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த நவம்பர் 8-ஆம் நாள், 2012-ஆம் ஆண்டு முதல் உலகக் கதிரியல் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அந்நாளையொட்டி, தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட நாளிதழ்ப் பக்கங்களுக்கும் பண்பலைக்கும் விழிப்புணர்வுக் குறிப்புகள் எழுதிவருகிறோம். எக்ஸ்ரே, ஸ்கேன் போன்றவற்றால் உடலின் உட்பகுதியைப் படமெடுத்து நோயறியும் ரேடியாலஜித் துறையை எப்பெயரால் சுட்டுவது என்பது முதல் குறிப்பிலேயே தடையாக நிற்கிறது.

இக்குழு உரையாடலில் இருவர் பரிந்துரைத்த ‘கதிரியக்கவியல்’ என்னும் சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. கதிரியக்கம் என்பது யுரேனியம், ரேடியம் போன்ற தனிமங்களின் அணுக்கரு தானாகச் சிதைந்து கதிரை வெளியிடும் பண்பு. எக்ஸ்ரே கருவியிலோ மின்சாரத்தை நிறுத்திய அக்கணமே கதிரும் நின்றுவிடும்; படம் எடுத்துக்கொண்டவரின் உடலில் எதுவும் தங்குவதில்லை. ஆயினும் செய்தியில் ‘கதிரியக்கப் பரிசோதனை’ என்று படிப்பவரின் நினைவுக்குக் கூடங்குளமும் செர்னோபிலும்தான் வருகின்றன. எக்ஸ்ரே எடுத்த கையோடு பிள்ளையைத் தூக்கலாமா என்று தயங்கும் தாய்மாரின் அச்சத்துக்கு இச்சொல்லும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

‘கதிரியல்’ சுருக்கமானது, வழக்கிலும் உள்ளது. ஆனால் வயிற்று ஸ்கேன் என்று நாம் சொல்வது, நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட, செவிக்கு எட்டாத ஒலியால் (மீயொலியால்) எடுக்கப்படுவது, எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்தையும் வானொலி அலைகளையும் கொண்டு எடுக்கப்படுவது. இவ்விரண்டிலும், எக்ஸ் கதிரைப் போல அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்கவல்ல ‘அயனியாக்கும் கதிர்’ இல்லை. துறை முழுவதற்கும் கதிரின் பெயரைச் சூட்டினால் இவ்வேறுபாடு மறைந்துபோகும். ‘படிமவியல்’ நல்ல சொல்லே. எனினும் பண்பலை கேட்பவருக்குப் படிமம் என்றால் சிலையோ புதைபடிமமோதான் தோன்றும்.

ஆகவே ‘உடற்படவியல்’ என்பதை முன்மொழிகிறேன். அதிலிருந்து உடற்படம், உடற்பட மருத்துவர், உடற்படப் பிரிவு என்று சொற்கள் இயல்பாகக் கிளைக்கும். ஒளிப்படமும் உடலின் படம்தானே என்ற மறுப்பு எழக்கூடும். மருத்துவமனைச் சூழலில் அக்குழப்பம் நேராது என்பதால், ‘உள்ளுடற்படம்’ என நீட்டத் தேவையில்லை.

இதன் கீழ் வரும் பெயர்களில்தான் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எக்ஸ் கதிரால் உடலை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் சி.டி.யையும் ஸ்கேன் என்கிறோம், மீயொலியையும் ஸ்கேன் என்கிறோம். மார்பு எக்ஸ்ரே ஒன்றில் உடல் ஏற்கும் கதிரளவு சுமார் 0.1 மில்லிசீவர்ட் (கதிரளவின் அலகு) அல்லது அதற்கும் குறைவு, வயிற்றுக்கான சி.டி.யிலோ அது ஏறத்தாழ 8 முதல் 10 வரை செல்லக்கூடும். இயற்கையிலிருந்து ஆண்டுதோறும் நமக்குக் கிடைப்பது உலகச் சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். தேவையானபோது சி.டி. எடுக்க அஞ்ச வேண்டியதில்லை; தேவையின்றித் திரும்பத் திரும்ப எடுக்கவும் கூடாது. இது மக்களுக்குப் புரிய வேண்டுமானால் அதன் பெயரிலேயே கதிர் இருக்க வேண்டும். எக்ஸ்ரே, சி.டி., வயிற்று ஸ்கேன், எம்.ஆர்.ஐ. ஆகியவற்றுக்கு முறையே எக்ஸ் கதிர்ப் படம், எக்ஸ் கதிர் அடுக்குப் படம், மீயொலிப் படம், காந்த ஒத்ததிர்வுப் படம் என்பவை என் பரிந்துரை.

நம் இரு மாவட்டங்களிலும் ‘ஸ்கேன்’ என்ற சொல்லின்மேல் வேறொரு நிழலும் படிந்திருக்கிறது. கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதை 1994-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னரும், சட்டவிரோத ஸ்கேன் பற்றிய செய்திகள் இங்கிருந்து வந்துகொண்டே இருக்கின்றன. அச்செய்திகளில் ‘பாலினம் கூறிய குற்றம்’ என்று செயலைப் பெயரிட்டு எழுதுமாறு செய்தியாளர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கருவின் வளர்ச்சியையும் நஞ்சுக்கொடியின் நிலையையும் அறியக் கர்ப்பிணிக்கு மீயொலிப் படம் இன்றியமையாதது. குற்றத்தின் பழி அதன்மேல் விழுதல் ஆகாது.

சொல்லைச் சோதிக்க ஒரு வாக்கியம் எழுதிப் பார்த்தேன்: “நிலத்தடி நீரிலுள்ள மிகையான புளூரைடு எலும்பில் படிந்திருந்தால், உடற்படத்தில் எலும்பு வழக்கத்தைவிட வெண்மையாகவும் அடர்த்தியாகவும் தெரியும், முன்கையின் ஈரெலும்புகளுக்கும் இடையிலுள்ள சவ்வில் சுண்ணம் படிந்திருப்பதும் புலப்படும்.” புளூரைடு மிகுந்த நிலத்தடி நீருக்கு மாற்றாகவே ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் வந்தது என்பதை அறிந்த நம் ஊராருக்கு இது எளிதில் விளங்கும். பண்பலையில் படிக்கும்போது நாவும் இடறவில்லை.

சி.டி.க்குச் சிலர் கூறும் ‘வெட்டுப் படம்’ நோயாளிக்கு அறுவையை நினைவூட்டும் என்பதால் ‘அடுக்குப் படம்’ என்றேன். அதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால், குறிப்புகள் அச்சுக்குச் செல்லும் முன் தெரிவிக்க வேண்டுகிறேன்.