ராணுவக் கழிவு டயர் மாட்டிய பின் ஃபோர் வீல் லீவர் சிக்கிக்கொள்கிறது, உதவுங்கள்

கொல்லிமலைக்காரன்:
வணக்கம். என்னுடையது பழைய மகிந்திரா ஃபோர் வீல் ஜீப். நான்கு சக்கரத்திலும் 6.00-16 டயர்கள் (6 அங்குல அகலம், 16 அங்குல ரிம்) இருந்தன. ராணுவத்தில் கழித்த 7.00-16 டயர் இரண்டு மலிவாகக் கிடைத்தன. பட்டன் (தரையைப் பிடிக்கும் ரப்பர் கட்டைகள்) தேயவே இல்லை என்பதால் வாங்கிப் பின்னால் மாட்டினேன். சேற்றில் பிரமாதமாக இழுக்கிறது. ஆனால் அப்படியே தார்ச்சாலையில் ஏறினால் ஸ்டியரிங் கல்லாகிவிடுகிறது, நான்கு சக்கரத்துக்கும் இழுவை கொடுக்கும் ஃபோர் வீல் லீவர் வெளியே வர மறுக்கிறது. காலையில் முதல் இரண்டு கிலோமீட்டர் வண்டி தடதடக்கிறது. கியர்பாக்ஸ் போய்விட்டதா?

பட்டறைக்காரர்:
கியர்பாக்ஸைப் பிரித்துவிடாதீர்கள் தம்பி. காலைத் தடதடப்பு நைலான் டயரின் குணம். இரவு முழுக்க நின்ற இடம் தட்டையாகி, சூடேறியதும் சரியாகிவிடும். லீவர் விஷயம்தான் கவலை. டயரில் சாக்பீஸால் கோடு போட்டு, வண்டியை ஒரு சுற்று தள்ளி, தரையில் எவ்வளவு தூரம் என்று அளந்து சொல்லுங்கள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

கொல்லிமலைக்காரன்:
அளந்தேன் அண்ணா. முன்னால் 214 சென்டிமீட்டர், பின்னால் 229.

பட்டறைக்காரர்:
ஒரு சுற்றுக்கு 15 சென்டிமீட்டர் வித்தியாசம்! உங்கள் ஜீப்பில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. லீவரைப் போட்டதும் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். சேற்றில் சக்கரம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். தாரில் வழுக்காது, முறுக்கு முழுவதும் பல்சக்கரங்களில் ஏறும். இப்படியே ஓட்டினால், இரண்டு அச்சுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் உடையும். லீவர் சிக்கினால் நாலடி ரிவர்ஸ் எடுங்கள், விடுபடும். நான்கும் ஒரே அளவாகும்வரை ஃபோர் வீலைத் தொடவே வேண்டாம்.

மலைச்சாலை:
டயரின் வயதையும் பாருங்கள். பக்கச்சுவரில் கடைசி நான்கு இலக்கம்: முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் புதிதாக இருந்தாலும் ரப்பர் கெட்டித்துப்போயிருந்தால் மழையில் பிரேக் பிடிக்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அது உயிர் விஷயம்.

கொல்லிமலைக்காரன்:
2209 என்று இருக்கிறது, அதாவது 2009-இன் 22-ஆம் வாரம். கட்டைவிரலால் அழுத்தினால் பட்டன் இடுக்குகளில் மயிரிழை வெடிப்புகள் வாய்பிளக்கின்றன. இரண்டையும் கழற்றிவிட்டேன். பழைய 6.00-16 மாட்டியதும் லீவர் ஒரே தட்டில் வெளியே வந்தது. கழற்றியதில் ஒன்றை ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளலாமா?

பட்டறைக்காரர்:
வேண்டாம் தம்பி. அளவும் வேறு, வயதும் போய்விட்டது. ஸ்டெப்னிக்கும் 6.00-16 தான்.