பெரிய பூங்கா போனதுல இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு காட்சி சொல்லுங்க

மலைரயில்:
ஊட்டி பொட்டானிக்கல் கார்டன். மே மாசம், மலர்க் கண்காட்சிக்கு முந்தின நாள். தொட்டியெல்லாம் கேலரில அடுக்கி முடிக்கிற நேரத்துல வானம் இருட்டிக்கிட்டு ஆலங்கட்டி கொட்டிடுச்சு. அது விழுந்தா பெட்டூனியாப் பூவுல ஒரு இதழ் தேறாது. பார்க்க வந்த நாங்க எல்லாரும் கண்ணாடி மாளிகையைப் பார்த்து ஓடினோம். தோட்ட வேலை பார்க்கிற அக்காங்க எதிர்ப்பக்கமா ஓடினாங்க. தங்க தலையில போட்டிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை உருவித் தொட்டிங்க மேல விரிச்சு, மூலைக்கு ஒருத்தரா மிதிச்சு நின்னாங்க. ஒரு அக்கா முதுகுல கல்லு விழற சத்தம் நான் நின்ன இடத்துக்கே கேட்டுச்சு. ஸ்வெட்டர் தொப்பலா நனைஞ்சும் ஷீட்டை விடலை. மறுநாள் அதே தொட்டிங்க முன்னாடி ஊரே நின்னு போட்டோ எடுத்துச்சு. அந்த அக்காவைத் தேடினேன், கண்ணுல படலை. 1848ல மெக்ஐவர்ங்கற வெள்ளைக்காரர் உருவாக்கின தோட்டம்னு எல்லாருக்கும் தெரியும். அன்னிக்கு அதைக் காப்பாத்தினவங்க பேரு எனக்கே தெரியாதுங்கறது இன்னும் உறுத்துது.

பெங்களூர்வாசி:
உங்க அனுபவம் பெருசுதான், ஆனா கண்காட்சி சமயத்துல எந்தப் பூங்காவுக்கும் போகக் கூடாதுங்கறது என் கட்சி. எங்க ஊரு லால்பாக் பூங்காவுல குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் பூக்காட்சி நடக்கும். கண்ணாடி மாளிகைக்குள்ள கூட்டம் தள்ளுற திசையில நடக்கணும், அவ்வளவுதான். 240 ஏக்கர்ல மத்த மரங்களை யாரும் திரும்பிப் பார்க்கறதில்லை.

சாதாரண நாள்ல போனதாலதான் எனக்கு இது கிடைச்சுது. அம்மாகிட்ட போன்ல தமிழ்ல பேசிட்டு நடந்தேன். பாத்தியில மண் அணைச்சிட்டிருந்த பெரியவர் நிமிர்ந்து, "எந்த ஊருப்பா?"ன்னார். அவர் திகளர் சமூகம். ஹைதர் அலி 1760ல இந்தத் தோட்டத்தை ஆரம்பிச்சப்போ தமிழ்ப் பக்கத்துலேர்ந்து கூட்டிட்டு வந்த தோட்டக்காரங்க வழின்னு வீட்டுல பெரியவங்க சொல்வாங்களாம். வீட்டுல பேசற தமிழ்ல ரெண்டு வார்த்தை பேசினார். பாதி கன்னடம் கலந்திருந்தாலும் எல்லாம் புரிஞ்சுது. பேசின நேரம் முழுக்க அவர் கை மண்ணை அணைக்கறதை நிறுத்தவே இல்லை.

ஜொகூர்ப் பேத்தி:
எங்க பாட்டி ஜொகூர்ல ரப்பர்த் தோட்டத்துல பால்மரம் சீவினவங்க. அவங்களைச் சிங்கப்பூர் பொட்டானிக் கார்டனுக்குக் கூட்டிட்டுப் போனோம். 2015ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்த இடம், உள்ள போகக் காசு இல்லை, ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டும் டிக்கெட். எல்லாரும் ஆர்க்கிட் பக்கம் போக, பாட்டி ஒரு ரப்பர் மரத்துகிட்ட நின்னுட்டாங்க. ரிட்லிங்கற அதிகாரி மரத்தைச் சாகடிக்காம பால் எடுக்கற முறையை இந்தத் தோட்டத்துலதான் கண்டுபிடிச்சார்னு அண்ணன் விளக்கினான். பாட்டி அதைக் காதுல வாங்கலை. கட்டை விரல் நகத்தைப் பட்டையில வச்சு, இடது மேலேர்ந்து வலது கீழே சாய்வா ஒரு கோடு இழுத்தாங்க. "இதுக்கு மேல உளி இறங்குச்சுன்னா மரத்துக்குக் காயம், கங்காணி ஏசுவான்"னாங்க. கோடு முடியற இடத்துல பால் பிடிக்கற மங்கு கட்டற மாதிரி உள்ளங்கையைக் குழிச்சுப் பிடிச்சாங்க. அவங்க விட்டு வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு, கை மறக்கலை.

கண்டிப்பக்கம்:
நான் பேராதனைக் கம்பஸில படிச்சனான், பூந்தோட்டம் எங்களுக்குப் பக்கத்தில. அம்மா யாழ்ப்பாணத்தில இருந்து முதல்தரம் என்னைப் பாக்க வந்தவ. அரசப்பனை வரிசைக்குள்ள அண்ணாந்து பாத்திட்டு "இதில நுங்கு வருமோ?" எண்டு கேட்டா. பிறகு அந்த நாகலிங்க மரத்தடி. 1901இல ஐந்தாம் ஜார்ஜ் இளவரசரா வந்தநேரம் நட்டது, காய்ப் பாரத்தில சரிஞ்சு நிக்கும். கீழ விழுந்து கிடந்த பூவை ஒரு சிங்கள ஆச்சி குனிஞ்சு எடுத்தா. விகாரைக்குக் கொண்டுபோக எண்டு நினைக்கிறன். அம்மாவும் குனிஞ்சா, ஆனா நல்ல பூ மிச்சமில்லை. ஆச்சி தன்ர கையில இருந்ததில பெரிய பூவை அம்மாவிட்ட நீட்டினா. அம்மாவுக்குச் சிங்களம் தெரியாது, அவவுக்குத் தமிழ் தெரியாது. அம்மா அதை சீலைத் தலைப்பில சுத்தி ஊருக்குக் கொண்டுபோய் சாமிப்படத்துக்கு வச்சவ. வாடின பிறகும் எடுக்க விடேல்லை.

காலைநடை:
ஊட்டித் தோட்டத்துல இருக்கற அந்தக் கல்மரம் சிமென்ட்ல செஞ்சு வச்சதுதானே? என் பையன் தட்டிப் பார்த்து "மரம் இல்லப்பா, ஏமாத்தறாங்க"ன்னான். அவன் முகம் வாடினது மறக்கலை.

திண்டிவனம்:
காலைநடை சார், பையன்கிட்ட இன்னிக்கே சொல்லிடுங்க, அது நிஜம். 2 கோடி வருஷப் பழசு. சாய்ஞ்ச மரம் வண்டலுக்கு அடியில புதைஞ்சு, தண்ணியில கரைஞ்ச சிலிக்கா உள்ள ஊறி, மரம் இருந்த இடத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக் கல்லு பிடிச்சுக்கும். வடிவம் அப்படியே நிக்கும். எங்க மாவட்டத்துல திருவக்கரையில ஒரு காடே இப்படிக் கிடக்கு. லால்பாக்ல இருக்கற கல்மரம்கூட எங்க ஊர்லேர்ந்து போனதுதான். சின்ன வயசுல அது மேல உட்கார்ந்து புளியங்காய் தின்னிருக்கோம்.

பையனைக் கூட்டிட்டு வாங்க. இந்திய நிலவியல் ஆய்வுத் துறை வேலி போட்டு வச்சிருக்கு. வெயில் ஏறறதுக்கு முன்னாடி வந்துடுங்க, நிழல் கம்மி, தண்ணி கையில இருக்கட்டும். பௌர்ணமி வேண்டாம், வக்கிரகாளி கோயிலுக்கு வர்ற கூட்டத்துல வண்டி நிறுத்த இடம் இருக்காது. பையன் ஒரு துண்டு எடுத்துக்கறேன்னு கேட்பான், விடாதீங்க, ஆளாளுக்கு எடுத்துத்தான் நிறையப் போயிடுச்சு. வெட்டுப்பட்ட முனையில வளையம் தெரியும், அதை விரலால தடவிப் பார்க்கச் சொல்லுங்க. ஊட்டிக்குத் திரும்பப் போறதா இருந்தா இ-பாஸ் முதல்லயே எடுத்துடுங்க, நீலகிரியில பிளாஸ்டிக் பாட்டிலும் விடமாட்டாங்க.

மலைரயில்:
பெங்களூர்வாசி, கண்காட்சிக்குப் போகாதீங்கன்னு மட்டும் சொல்லாதீங்க. மே மாசம் பூக்கறதுக்கு வருஷ ஆரம்பத்துலயே விதை போட்டு, நாத்து மாத்தி, உறைபனிக்குச் செடியை மூடி வளர்க்கறாங்க. இத்தனை மாச உழைப்பை நாலு பேரு வந்து பார்க்கறது அந்தச் சில நாள்தான். கூட்டம் பிடிக்கலைன்னா கேட் திறந்த உடனே போங்க. தொட்டிக்குத் தண்ணி ஊத்திட்டு நிப்பாங்க. எந்தப் பூ எப்போ போட்டதுன்னு கேளுங்க, சொல்லிட்டே இருப்பாங்க. நான் வர்ற மே மாசமும் போறேன்.