கூரை மூலையில் ஒன்று, குளியலறைச் சுவரில் ஒன்று: எந்தச் சிலந்தியை விடலாம், எதை அகற்றுவது?

வாசல்விளக்கு:
வீட்டில் இரண்டு வகைச் சிலந்தி. ஒன்று, நூல் மாதிரி நீளக் கால்களோடு கூரை மூலையில் தலைகீழாகத் தொங்குகிறது. ஒட்டடை அடித்தால் நாலே நாளில் மறுபடி வலை. இன்னொன்று உள்ளங்கை அகலம். இரவில் குளியலறைச் சுவரோடு ஒட்டி நிற்கிறது, வயிற்றுக்கடியில் வெள்ளை வட்டமாக எதையோ சுமக்கிறது. கரப்பான் ஸ்பிரே அடித்தும் பலனில்லை. தவழும் குழந்தை இருக்கிறது. விஷமா? எப்படி ஒழிப்பது?

எட்டுக்கண்:
குழந்தையைப் பற்றிப் பயம் வேண்டாம், இரண்டுமே ஆபத்தானவை அல்ல. மூலையில் இருப்பது ஃபோல்சிடே என்ற நீளக்கால் சிலந்திக் குடும்பம். வலையைக் குச்சியால் தொட்டுப் பாருங்கள். உடம்பு மங்கலாகத் தெரியும் அளவுக்கு வேகமாக ஆடும். வேறு சந்தேகமே தேவையில்லை. பெண் தன் முட்டைக் கொத்தை வாயிலேயே கவ்வியிருக்கும்.

பெரியது ஹெட்டரோபோடா வெனடோரியா என்ற வேட்டைச் சிலந்தி. வலை கட்டிக் காத்திருக்காது, இரவில் அலைந்து இரை பிடிக்கும். அந்த வெள்ளை வட்டம் முட்டைப் பை. உள்ளே 200 முட்டைகூட இருக்கலாம். பையோடு இருக்கும்போது கையால் சீண்டினால் கடிக்கும், வலிக்கும், அவ்வளவுதான். கரப்பானை விரும்பித் தின்னும் சிலந்தி இது. அதனால் வடிகால் பக்கம் கரப்பான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஸ்பிரே ஏன் வேலை செய்யவில்லை என்றால், கரப்பான் தரையில் உடம்பை உரசி நடக்கும், மருந்து பட்ட கால்களையும் மீசையையும் வாயால் சுத்தம் செய்யும். சிலந்தி கால் நுனியில் நிற்கும். வலையில் தொங்குவது சுவரையே தொடாது. நேரே மேலே பட்டால்தான் சாகும். தவழும் குழந்தை உள்ள வீட்டில் அதற்காகச் சுவரெல்லாம் மருந்து அடிப்பது தவறு.

கதவிடுக்கு:
ஒட்டடை திரும்பி வருவதற்குக் காரணம், வலை போய்விடுகிறது, சிலந்தி போவதில்லை. கம்பு பட்டதும் இடுக்குக்குள் ஓடிவிடும், இரவோடு இரவாகப் புது வலை கட்டும். கம்பு நுனியில் காய்ந்த பருத்தித் துணியைச் சுற்றி, மூலையில் வைத்து ஒரே திசையில் திருகுங்கள். வலை, சிலந்தி, முட்டை மூன்றும் சுருண்டு வரும். இழுத்துப் பெருக்கினால் பழைய ஒட்டடை சுவரில் கரிக்கோடாக அப்பிக்கொள்ளும், ஈரத்துணி அதைவிட மோசம். வேக்குவம் கிளீனர் இருந்தால் ஒடுக்கமான முனையை மாட்டி உறிஞ்சி, பையை உடனே கட்டி வெளியே போடுங்கள். முட்டை பொரிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும் என்பதால் பத்து நாளுக்கு ஒருமுறை, மூன்று தடவை செய்தால்தான் குஞ்சுகளும் அடங்கும்.

பெரியதை 12 சென்டிமீட்டருக்குக் குறையாத வாயுள்ள டப்பாவால் மூடுங்கள். சின்ன டப்பா என்றால் கால் நசுங்கும். கெட்டி அட்டையைச் சுவரை ஒட்டி மெதுவாக நுழைத்து, வெளியே கொண்டுபோய் விடுங்கள். கரப்பானுக்கு ஜெல் மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் குழந்தைக்கு எட்டாத இடுக்கில் வையுங்கள். அதன் பக்கத்தில் ஸ்பிரே அடித்தால் கரப்பான் ஜெல்லைத் தொடாது. வாசலில் வெள்ளை விளக்கு இரவெல்லாம் எரிகிறதா? மஞ்சள் ஒளிக்கு மாற்றுங்கள். பூச்சி குறைந்தால் சிலந்திக்கு அங்கே வேலை இல்லை.

வாசல்விளக்கு:
நன்றி. பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில் பார்த்தேன், முள் முள்ளாக ஒரு சின்ன உருண்டை ஒட்டியிருக்கிறது. இதுவும் அதே வகையா?

எட்டுக்கண்:
இல்லை, இதை விட்டுவைக்காதீர்கள். வெளிர்மஞ்சள் நிறத்தில், ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரில், மேலெல்லாம் பட்டு முட்கள் என்றால் அது பழுப்பு விதவைச் சிலந்தியின் முட்டைப் பை. தாய் பக்கத்திலேயே ஒளிந்திருக்கும்: கால்களில் பட்டை, வயிற்றின் அடிப்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் மணல்கடிகை வடிவம். வலை ஒழுங்கில்லாமல் இருக்கும், ஆனால் குச்சியால் இழுத்தால் சட்டென்று அறாது.

நாற்காலியைக் குழந்தையிடமிருந்து தள்ளி வைத்து, தடித்த கையுறையோடு குச்சியால் சிலந்தியையும் பைகளையும் சோப்புத் தண்ணீருக்குள் தள்ளுங்கள். பைகளை அப்படியே விடாமல் நசுக்கிவிடுங்கள், பொரிந்தால் பரவும். பூந்தொட்டி விளிம்பு, வெளியே கிடக்கும் செருப்பு, மீட்டர் பெட்டி எல்லாவற்றையும் கவிழ்த்துப் பாருங்கள். கடித்தால் பெரும்பாலும் அந்த இடத்தில் வலியும் சிவப்பும்தான். சோப்பு போட்டுக் கழுவி, துணியில் சுற்றிய ஐஸ் வைக்கலாம். கட்டுவதோ கீறுவதோ கூடாது. தசைப்பிடிப்பு, வயிற்றுவலி, வியர்வை என்றால் மருத்துவரிடம் போங்கள். கடிபட்டது குழந்தை என்றால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம்.

வெண்புறா:
ஒன்று சேர்க்கிறேன். உடம்பின் ஒரு பக்கத்தில் பட்டையாகக் கொப்புளம் வந்து எரிந்தால் சிலந்தி மேல் பழி போடுவது வழக்கம். அது அக்கியாக இருக்கலாம். அதற்கான வைரஸ் எதிர்ப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாகப் பிடிக்கும். கழுத்தில் கோடு இழுத்தாற்போல் வெந்திருந்தால், விளக்குக்கு வரும் பெடரஸ் என்ற சின்ன வண்டைத் தோல்மேல் நசுக்கியதால் இருக்கும். கையால் அடிக்காமல் ஊதித் தள்ளி, பட்ட இடத்தைச் சோப்பால் கழுவுங்கள்.