8500 குடுத்து வாங்குன ஹாட் வீல்ஸ் சூப்பர் டிரெஷர் ஹண்ட் பொம்மை கார், ரீசீல் பண்ணதா, அதாவது பிரிச்சு திரும்ப ஒட்டுனதா இருக்குமோன்னு சந்தேகம், பாத்து சொல்லுங்க

கோவை_64:
எல்லாருக்கும் வணக்கம். நாலு வருஷமா ஹாட் வீல்ஸ் சேக்குறேன், பெரும்பாலும் மெயின்லைன், அதாவது சாதா வண்டி தான், சூப்பர் மார்க்கெட்ல தொங்குறத எம்ஆர்பிக்கு எடுக்குற ஆளு. போன மாசம் ஒரு வாட்ஸப் குரூப்ல ஒருத்தர் டாட்சன் சூப்பர் டிரெஷர் ஹண்ட், அதான் அபூர்வமா கெடைக்குற வண்டி, ஒண்ணு விக்க போட்டாரு, வண்டி ஒட்டியிருக்குற அட்டை, அதான் கார்டு, புதுசு மாதிரி மிண்ட், கொரியரோட சேத்து 8500, நானும் ரெண்டு நாள் யோசிச்சு ஜிபே பண்ணிட்டேன். உண்மைய சொல்லிடறேன், இது நான் வெச்சுக்க வாங்கினது இல்ல, திருநெல்வேலில ஒரு தம்பி ரொம்ப நாளா இதே வண்டிய தேடிட்டு இருக்காரு, அவருக்கு 10,000க்கு தரேன்னு பேசி 3000 அட்வான்ஸும் வாங்கிட்டேன்.

பார்சல் வந்துச்சு, கார்டுல காருக்கு பின்னாடி கோல்டு கலர் நெருப்பு லோகோ இருக்கு, ரப்பர் டயர் இருக்கு, பாடில டிரெஷர் ஹண்டுக்கான டிஎச் எழுத்து இருக்கு, எல்லாம் சரின்னு தான் நெனச்சேன். தம்பிக்கு பேக் பண்ண உக்காந்தப்ப தான் ரெண்டு விஷயம் கண்ணுல பட்டுச்சு. வண்டிய மூடியிருக்குற பிளாஸ்டிக் கூடு இருக்குல்ல, பிளிஸ்டர், அதோட கீழ் இடது மூலைல பனி படிஞ்ச மாதிரி வெள்ளையா ஒரு மங்கல், துணி வெச்சு தொடச்சா போகல, உள்பக்கம் இருக்கு. இன்னொண்ணு, பின் சக்கரம் ஒண்ணு லேசா உள்ள சாஞ்சு நிக்குது. வித்தவர்கிட்ட கேட்டா "ஃபேக்டரி எரர் ப்ரோ, நோ ரிட்டர்ன்னு மொதல்லயே சொன்னேன்ல"ன்றாரு. பிரிக்காம இத கண்டுபிடிக்க வழி இருக்கா? பிரிச்சுட்டா மதிப்பே போயிடுமே. ரெண்டு நாளா தூக்கம் இல்ல.

பெக்வேட்டை_சென்னை:
அந்த வெள்ளை மங்கல் தான் ப்ரோ மெயின் விஷயம். ஃபேக்டரில பிளிஸ்டர கார்டு மேல சூடு குடுத்து அழுத்தி தான் ஒட்டுவாங்க, அதுல இப்படி வெள்ளை பூக்காது. ஃபெவிக்விக் மாதிரி இன்ஸ்டன்ட் க்ளூ காயும்போது அதோட ஆவி பக்கத்துல இருக்குற பிளாஸ்டிக்ல படிஞ்சு தான் இப்படி புகை மாதிரி நிக்கும். அது மூலைல மட்டும் இருக்குன்னா அங்கேருந்து தெறந்திருக்காங்கன்னு தான் எனக்கு தோணுது. பிளிஸ்டர் விளிம்ப சுத்தி டார்ச்ச படுக்க வெச்சு அடிச்சு பாருங்க, கார்டோட மேல் தாள் கிழிஞ்சு நார் நாரா நிக்குதா, க்ளூ பளபளன்னு வழிஞ்சிருக்கான்னு. கார்ட திருப்பியும் பாருங்க, சீல் அழுத்துன தடம் சில கார்டுல பின்பக்கம் லேசா தெரியும், அது ஒரு மூலைல மட்டும் வேற மாதிரி இருந்தா சந்தேகம் தான்.

கோவை_64:
நார் இருக்கு ப்ரோ. கீழ் மூலைலேருந்து ஒரு ரெண்டு விரல் நீளத்துக்கு. ஆனா கார்டு ஒரிஜினல் தானே, அந்த லோகோ எல்லாம் சரியா இருக்கே, அது எப்படி?

மதுரை_டைகாஸ்ட்:
தம்பி, இங்க தான் நெறைய பேர் ஏமாறுறோம். கார்டு ஒரிஜினல் தான், உள்ள இருந்த வண்டிய எடுத்துட்டு வேற வண்டிய வெச்சிருப்பாங்க. நெஜமான சூப்பர கார்டு இல்லாம லூஸா தனியா வித்துடுவாங்க, அதே வண்டியோட சாதா மெயின்லைன எம்ஆர்பிக்கு வாங்கி, அடில பாடியையும் அடித்தகட்டையும் சேத்து பிடிக்குற ரிவெட்ட டிரில் பண்ணி தெறந்து, ரப்பர் டயர் போட்ட வீல் செட்ட மாட்டி, டிஎச் ஸ்டிக்கர் ஒட்டி, அதே கார்டுல வெச்சு திரும்ப ஒட்டிடுவாங்க. ஒரு கார்டுல ரெண்டு தடவ காசு. வாங்குறவன் கார்ட தான பாக்குறான், வண்டிய எவன் பாக்குறான்.

நீங்க பெயிண்ட பாருங்க. சூப்பருக்கு ஸ்பெக்ட்ராஃப்ளேம் பெயிண்ட், அதாவது பளபளப்பா இருக்குற வெறும் மெட்டல் மேல கண்ணாடி மாதிரி தெரியுற கலர் பூச்சு. மிட்டாய் சுத்துற ஜிகினா தாள் இருக்குல்ல, அப்படி கலருக்கு அடிலேருந்து மெட்டல் மின்னும். சாதா பெயிண்ட்ல மினுமினு பொடி இருந்தாலும் வெளிச்சம் மேலாப்புல தான் நிக்கும், உள்ள எறங்காது. வெயில்ல ஜன்னல் ஓரமா வெச்சு மெதுவா சாச்சு பாருங்க, வித்தியாசம் தெரியும். பக்கத்துல உண்மையான சூப்பர் ஒண்ணு இருந்தா இன்னும் சுலபம்.

அடிப்பக்கமும் பாருங்க. வண்டி பிளிஸ்டருக்குள்ள சக்கரம் கீழ பாத்து தான நிக்குது, அதனால அடித்தகடு பிளிஸ்டரோட கீழ் சுவர் வழியா தெரியும். கார்ட கண் மட்டத்துக்கு மேல தூக்கி பிடிச்சுக்கிட்டு கீழேருந்து டார்ச் அடிங்க. ரிவெட் தலை ஃபேக்டரில அழுத்துனது வழுவழுன்னு காளான் தலை மாதிரி இருக்கும். நோண்டியிருந்தா நடுவுல பள்ளம், இல்ல ஸ்க்ரூ, இல்ல மறைக்க மார்க்கர் பூசியிருப்பாங்க.

பினாங்கு_மணி:
மதுரை அண்ணன் சொன்னதுதான் சரி. கூடவே அடித்தகட்டுல ஒரு எழுத்தும் ரெண்டு நம்பரும் குத்தியிருக்கும், அதையும் படிச்சு பாருங்க. எழுத்து எந்த வருஷம் செஞ்சதுன்னு, நம்பர் அந்த வருஷத்துல எத்தனாவது வாரம்னு. கார்டு ஒரு வருஷம், வண்டி அதுக்கு ரொம்ப தள்ளி வேற வருஷம்னா உள்ள இருக்குறது மாத்துன வண்டி. எங்க ஊரு பினாங்குல, பிறைல இருக்குற ஃபேக்டரிலேருந்து தான் நெறைய வண்டி வருது, அடில மலேசியான்னு பாத்தா எனக்கு ஒரு தனி சந்தோஷம், அதுல இப்படி நோண்டி விக்குறாங்கன்னா வயிறு எரியுது.

கார்டுபாய்07:
எதுக்கு இவ்ளோ டென்ஷன், அந்த திருநெல்வேலி ஆளுக்கு அப்படியே அனுப்பிடுங்க, அவரும் கார்டோட தான வெப்பாரு, பிரிக்கவா போறாரு. நம்ம காசு நமக்கு வரணும்ல.

ரேவதி_லூஸ்கலெக்டர்:
இல்லங்க, தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. இப்படி ஒவ்வொருத்தரும் அடுத்தவர் தலைல கட்டி கட்டி தான் இது நாலு கை மாறி வந்திருக்கு. போன வருஷம் என்கிட்டயும் இப்படி ஒண்ணு வந்துச்சு, வித்த பையனே பாவம், தெரியாம வாங்கி தெரியாம வித்தவன். கோவை தம்பி, மொதல்ல அந்த திருநெல்வேலி பையனுக்கு இன்னிக்கே போன் பண்ணி விஷயத்த சொல்லி 3000ஐ திருப்பி போட்டுடுங்க, வித்தவரோட சண்டைய அப்புறம் பாத்துக்கலாம்.

வித்தவர்கிட்ட கோபமா பேசாதீங்க. ரிவெட், மூலை, பெயிண்ட் மூணையும் க்ளோசப்ல போட்டோ எடுத்து அனுப்பி "நீங்க யார்கிட்ட வாங்கினீங்க"ன்னு கேளுங்க. அவரும் ஏமாந்திருக்கலாம், அதுக்கு ஒரு வழி விடுங்க. நோ ரிட்டர்ன்னு சொன்னது வண்டி புடிக்கலன்னு திருப்பி அனுப்புறதுக்கு, ஒரிஜினல்னு சொல்லி வேறத குடுத்ததுக்கு இல்ல. சாட், பேமென்ட் ஸ்க்ரீன்ஷாட், பார்சல் கவர் எதையும் அழிக்காதீங்க. மசியலன்னா 1930க்கு கூப்பிட்டு சைபர் கிரைம்ல புகார் குடுக்கலாம். பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீங்களா?

கோவை_64:
எடுக்கலக்கா. அது என் தப்பு தான்.

அடித்தகட்ட பாத்துட்டேன். முன்னாடி ரிவெட் வழுவழுன்னு சுத்தமா இருக்கு, பின்னாடி ரிவெட்ல கறுப்பு மார்க்கர், நடுவுல ஊசி முனை அளவுக்கு ஒரு குழி. எங்கிட்ட இருக்குற ஒரே சூப்பர பக்கத்துல வெச்சு ஜன்னல்ல பாத்தேன், அது உள்ளேருந்து ஜொலிக்குது, இது வெறும் பெயிண்டா நிக்குது. பாத்தவொடனே கை வெலவெலத்துடுச்சு.

கோவை_64:
ஒரு வாரம் கழிச்சு அப்டேட். திருநெல்வேலி தம்பிக்கு அன்னிக்கே 3000 போட்டுட்டேன். அவரு திட்டுவாருன்னு பயந்தேன், "அண்ணா எனக்கு அனுப்பிருந்தா எனக்கு தெரிஞ்சே இருக்காதுண்ணா"ன்னு சொன்னாரு, அத கேட்டதும் தொண்டை அடச்சுடுச்சு. வித்தவர் மூணு நாள் பதிலே போடல, போட்டோவ ரெண்டாவது தடவ அனுப்புனதும் போன் பண்ணாரு, அவரும் பெங்களூர்ல ஒரு கலெக்டர் மீட்ல 7000க்கு வாங்கினதாம். 5000 ஜிபே பண்ணிட்டாரு, மீதி 3500 அடுத்த மாசம் சம்பளம் வந்ததும் தரேன்னு சொல்லிருக்காரு, வண்டி அதுவரைக்கும் எங்கிட்ட இருக்கட்டும்னாரு. காசு முழுசா வந்ததும் இது மாத்துன வண்டின்னு கார்டு பின்னாடி பெர்மனன்ட் மார்க்கர்ல எழுதி போட்டோ எடுத்துட்டு தான் திருப்பி அனுப்புவேன்னு சொல்லிட்டேன், அவரும் சரின்னுட்டாரு.

மதுரை_டைகாஸ்ட்:
நல்ல வேலை தம்பி, மார்க்கர் போடுறது ரொம்ப சரி. அந்த போட்டோவ எல்லா குரூப்லயும் போட்டு வைங்க, ஆள் பேர் வேணாம், வண்டி போட்டோ மட்டும் போதும்.

நெல்லை_புதுசு:
இத படிச்சுட்டு ஒரு யூவி டார்ச் வாங்கலாம்னு இருக்கேன், 395 நானோமீட்டர் போதுமா 365 வேணுமா அண்ணாச்சி?

பெக்வேட்டை_சென்னை:
365 வாங்குங்க. 395 விலை கம்மி, ஆனா ஊதா வெளிச்சமே கண்ண பறிச்சுடும், க்ளூ தடம் அதுல அமுங்கிடும். 365லயும் வெள்ளை தாள் தானா நீலமா ஒளிரும், அத பாத்து பயந்துடாதீங்க. விளிம்ப சுத்தி அந்த நீலம் ஒரே சீரா இருக்கணும், நடுவுல திட்டு திட்டா கறுத்தோ வேற கலர்லயோ தெரிஞ்சா அங்க தான் கை வெச்சிருக்காங்க.