திருப்பூர் பக்கம் கைக்குழந்தையோடு தங்க ஓர் இடம் வேண்டும்

எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி, வயது 20, திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் தைக்கிறாள். இப்போது ஏழு மாதக் கர்ப்பம். கூட இருந்தவன் போனை அணைத்துவிட்டுப் போய்விட்டான். பெற்றவர்களும் சேர்க்கவில்லை. குழந்தையைத் தானே வளர்ப்பது என்று உறுதியாக இருக்கிறாள்.

மருத்துவம் பிரச்சினையில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்து பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) வாங்கியாச்சு, பிரசவம் அரசு மருத்துவமனையில். தங்குமிடம்தான் பெரும்பாடு. வாடகைக்கு வீடு கேட்டால் முதல் கேள்வியே ‘வீட்டுக்காரர் என்ன வேலை?’ கேட்டுப் பார்த்த விடுதிகளில் கைக்குழந்தை கூடாது என்கிறார்கள். பிரசவத்துக்கு அப்புறம் ஆறேழு மாதமாவது தாயும் பிள்ளையும் சேர்ந்திருக்க, அவிநாசி, கோவைப் பக்கமானாலும் சரி, நம்பகமான இடம் தெரியுமா? குழந்தைகள் காப்பகம் உள்ள கம்பெனி ஏதாவது? பேட்லாக் தையல் மெஷினும் ஓட்டுவாள், தையல் சுத்தமாக இருக்கும்.

பிறப்புச் சான்றிதழில் அப்பா பெயர் கேட்பார்களே என்று ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடக்கிறாள். தாயின் பிரமாணப் பத்திரமே போதும் என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதை எழுதித் தர ஒரு வக்கீல் வேண்டும். பெண் வக்கீல் என்றால் அவளுக்குப் பேசச் சுலபம்.

பணம் இப்போதைக்கு வேண்டாம். அவள் பெயர், கம்பெனி எதையும் தயவுசெய்து கேட்காதீர்கள். விவரம் தெரிந்தவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள்.