ஓபிஎன்சென்ஸ்: புதிய நெட்வொர்க் கார்டு இடைமுகப் பட்டியலில் தோன்றவில்லை

கேள்வி:
வணக்கம். பழைய கணினி ஒன்றில் ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருளை நிறுவியிருக்கிறேன். மதர்போர்டிலுள்ள போர்ட் வேலை செய்கிறது. ஆனால் கூடுதலாகப் பொருத்திய 2.5 கிகாபிட் கார்டு பட்டியலில் இல்லை. அதே கார்டு லினக்ஸில் இயங்குவதால், அந்த டிரைவரையே இங்கே நிறுவலாமா?

பதில் 1:
இயலாது. ஓபிஎன்சென்ஸ், அதைப் போன்ற பிஎஃப்சென்ஸ் இரண்டும் ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தை அடித்தளமாகக் கொண்டவை என்பதால், லினக்ஸ் கெர்னலுக்கு (இயங்குதளத்தின் மையப் பகுதிக்கு) எழுதப்பட்ட டிரைவர் இவற்றில் ஏறாது. ஷெல்லில் ‘பிசிஐகான்ஃப் -எல்வி’ (pciconf -lv) கட்டளையை இயக்கிப் பாருங்கள். கார்டுக்குரிய வரி ‘நன்’ (none) என்று தொடங்கினால், வன்பொருள் கண்டறியப்பட்டும் டிரைவர் இணையவில்லை என்று பொருள். வரியே இல்லையென்றால் ஸ்லாட்டையும் பயாஸ் அமைப்பையும்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
‘நன்0’ என்றுதான் வருகிறது. தயாரிப்பாளர் எண் 8086, சாதன எண் 15எஃப்3. கணினியின் அடித்தளம் ஃப்ரீபிஎஸ்டி 12.

பதில் 2:
அது இன்டெல் ஐ225-வி. அதற்குரிய டிரைவர் ஐஜிசி. உங்கள் பதிப்பு அதற்கு மிகவும் பழையது. அமைப்புகளைக் காப்பெடுத்துக்கொண்டு புதிய பதிப்பை நிறுவுங்கள். கார்டு ‘ஐஜிசி0’ என்ற பெயரில் தானாகத் தோன்றும். வேறொரு பதிப்பிலிருந்து ‘.கேஓ’ என்ற டிரைவர் கோப்பை நகலெடுத்துப் போடச் சிலர் சொல்வார்கள். கெர்னல் பதிப்பு பொருந்தாவிட்டால் அது ஏறாது, ஏறினாலும் நம்ப முடியாது.

பதில் 1:
ஒன்று சேர்க்கிறேன். கார்டு அமைப்பிலுள்ள எல்ஆர்ஓ வசதி, வந்துசேரும் பல பாக்கெட்டுகளை ஒன்றாக இணைத்துவிடுவதால், பாக்கெட்டுகளை வேறிடத்துக்கு அனுப்பும் ஃபயர்வாலுக்கு அது ஏற்றதன்று. அனுப்பும் பெரிய தரவைப் பாக்கெட்டுகளாகப் பிரிக்கும் வேலையைக் கார்டிடமே விடும் டிஎஸ்ஓவையும் சேர்த்து முடக்கியே வையுங்கள்.